துருப்பிடித்த பழைய காரும் பொள்ளாச்சி சாலை டிங்கரிங் பட்டறையும்: ஒரு மதிப்புரை

துருப்பிடித்த பழைய காரைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று கேட்டால், நம் பக்கத்தில் பெரும்பாலோர் ரிப்பேர்ச் செலவையும் வண்டியின் சந்தை விலையையும் ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால், வண்டியின் எடையைச் சுமக்கும் இடங்களில் தகரம் இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த டிங்கரிங் பட்டறை ஒன்று, கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கிணத்துக்கடவுக்கு முன்பாக உள்ளே பிரியும் ஒரு சிறிய சாலையில் இருக்கிறது. எங்கள் வீட்டு மாருதி 800, சித்தப்பாவின் மாருதி ஜென் என இரண்டு வண்டிகள் அங்கே போயின. முதல் வண்டி சரிசெய்யப்பட்டு இன்றும் ஓடுகிறது. இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே இதை எழுதுகிறேன். மேஸ்திரியும் உதவியாள் ஒருவரும் மட்டுமே வேலை செய்யும் இடம் என்பதால், கூட்டம் சேர்ந்தால் வேலை கெடும் என்று சொல்லிப் பெயரைப் போட வேண்டாம் என மேஸ்திரி கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன்.

எங்கள் 800 ஆனது 1997ஆம் ஆண்டுப் பதிவு, கார்புரேட்டர் வைத்த வண்டி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வண்டிகளுக்குக் கடலோரத்து வண்டிகளைப் போலத் துரு ஏறுவதில்லை. பழைய கார் வாங்க வருகிறவர்களும் ‘கோயம்புத்தூர் வண்டி’ என்றால் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக நுழையும் ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்த நம்பிக்கையை அப்படியே பொருத்த முடியாது. எங்கள் வண்டி அப்படியொரு தோப்பில், கட்டுத்தரைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கழுவப்பட்டது. டிக்கியில் பொட்டாஷ் மூட்டை ஏறாத பருவமே கிடையாது. பொட்டாஷ் உரம் என்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். சிந்திய தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டிக்கியின் அடித்தகரத்தில் படிந்து கிடந்தால், தகரத்துக்குக் கடற்கரையில் நிற்பதற்கும் இங்கே நிற்பதற்கும் பெரிய வேறுபாடு இராது. மழை குறைந்த ஊர் என்ற ஒரே காரணத்தால் தோட்டத்து வண்டிகளை யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

பட்டறையின் சேவையில் நான் முதலிடம் கொடுப்பது அவர்களுடைய சோதனைக்குத்தான். அதற்கு 500 ரூபாய் வாங்குகிறார்கள். வேலையை அங்கேயே கொடுத்தால் அந்தத் தொகையைப் பில்லில் கழித்துவிடுகிறார்கள். கதவின் கீழ் விளிம்பிலும் மட்கார்டு ஓரத்திலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்த பெயின்டைக் காட்டி என் தந்தை கவலைப்பட்டபோது, மேஸ்திரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேல தெரியற துருவ உடுங்க ஐயா, அது பெயின்ட் செலவு. கீழ பாத்துட்டுப் பேசலாமுங்க” என்றார். அதன்பின் நான்கு மூலையிலும் ஜாக்கி போட்டு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார், சீட்டுகளைக் கழற்றினார், தரை விரிப்பையும் அதன் அடியில் ஒட்டியிருந்த நார்த்துணியையும் உரித்தெடுத்தார். ஈரமான அந்தத் துணியைப் பிழிந்து காட்டியபோதுதான் தண்ணீர் மேலிருந்து வந்திருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது. முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் வெடித்து, மழைத் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஓட்டுநரின் காலடியில் தேங்கியிருந்தது. துரு எங்கே இருக்கிறது என்பதோடு தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதையும் கண்டுபிடித்த பிறகே அவர் மதிப்பீட்டைப் பற்றிப் பேசினார். இந்த ஒழுங்கை நான் வேறு பட்டறைகளில் பார்த்ததில்லை.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்று ஒலித்தது, அரித்த தகரம் சத்தமில்லாமல் அமுங்கியது. அமுங்கிய இடத்தில் கூர்முனையை வைத்து அழுத்தி, உள்ளே போகிறதா என்று எங்கள் கண்முன்னே காட்டினார். பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணி சுற்றி நகர்த்திச் சென்றார். அது பிடிக்காமல் நழுவிய இடங்களில் முன்பு யாரோ பட்டி பூசி மறைத்திருந்தார்கள். இவற்றைவிட எளிய சோதனை ஒன்றையும் அவர் செய்து காட்டினார். எந்த வாசகரும் தன் வண்டியில் அதைச் செய்துபார்க்கலாம். சமதளத்தில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்; பிறகு அந்தப் பக்கத்துச் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்தி, அதே கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தாலோ, தூக்கி மூட வேண்டியிருந்தாலோ, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு தன் வலுவை இழந்துவிட்டது, வண்டியின் உடம்பு வளைகிறது என்று பொருள். ஜாக்கியைக் கெட்டியான இடத்தில் வைக்க வேண்டும், எந்த நிலையிலும் அடியில் படுக்கக் கூடாது.

இந்தச் சோதனைகள் ஏன் முக்கியம் என்பதற்கு வண்டியின் அமைப்பே காரணம். ஜீப், டாடா சுமோ போன்ற வண்டிகளுக்குக் கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதாவது இரும்புச் சட்டம், உண்டு. உடம்பு எவ்வளவு கெட்டாலும் சேஸிஸ் நன்றாக இருந்தால் பாடியை மாற்றிக் கட்டிவிடலாம். மாருதி 800இல் அப்படி எதுவும் கிடையாது. 1983ஆம் ஆண்டு இறுதியில் சாலைக்கு வந்த முதல் வண்டி தொடங்கி, 2014இல் உற்பத்தி நின்றது வரை, மடித்த மெல்லிய தகரங்களைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து இணைத்த உடம்பே அதன் எலும்பும் தோலும். பிளாட்பாரம் எனும் தரைத் தகரம், இருபுறத்து ரன்னிங் போர்டு, முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் கிண்ணம், பின் சஸ்பென்ஷன் போல்ட் போடப்படும் இடம், சீட் பெல்ட் பிணைந்திருக்கும் இடம் ஆகியவைதான் பாரத்தையும் மோதலையும் தாங்குகின்றன. அம்பாசடர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய இரும்பு வண்டியாக இருந்தாலும் அதற்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவு, பானெட், மட்கார்டு, டிக்கி மூடி ஆகியவை கழற்றி மாட்டக்கூடியவை. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைத்துவிடும். ஆகவே வெளியே கோரமாகத் தெரியும் துருவைக் கண்டு பதறி விற்பதும், மேலே பளபளப்பாக இருக்கும் வண்டியை நம்பி வாங்குவதும் இரண்டுமே ஆபத்தானவை.

எங்கள் வண்டியில் முன்பக்கக் கிண்ணங்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. பின் சஸ்பென்ஷன் இணையும் இடத்தில் மேல்துரு மட்டுமே இருந்தது. ஓட்டுநர் பக்கத்து ரன்னிங் போர்டு முழு நீளத்துக்கும் அரித்துப்போயிருந்தது; மறுபக்கத்தில் பின்பாதி மட்டும். பிளாட்பாரத்தில் முன் காலடி இரண்டும், டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழியும் ஓட்டை. “செய்யலாமுங்ணா. ஆனா பட்டி வெச்சுத் தேய்க்கற வேலைன்னா நம்மகிட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, தகர வேலைக்கு 45,000 ரூபாய், கீழ்ப்பாதிக்கு மட்டும் பெயின்டுக்கு 14,000 ரூபாய் என மதிப்பீடு கொடுத்தார். அறுத்துத் திறந்த பிறகு உள்ளே கூடுதலாகக் கெட்டிருந்தால் எட்டாயிரம் வரை ஏறலாம் என்றும் முன்கூட்டியே சொன்னார்.

இந்த இடத்தில்தான் நான் பணக் கணக்கைப் போட்டேன். புரோக்கர் ஒருவர் இருந்த நிலையிலேயே 30,000 ரூபாய்க்குக் கேட்டார். புதுக் கார் எக்ஸ்சேஞ்சில் அதைவிடக் குறைவாகவே பேசினார்கள். பழைய இரும்பாகப் போட்டால், சுமார் 650 கிலோ எடையுள்ள வண்டி கிலோக் கணக்கில் எவ்வளவு தரும் என்பதை யாரும் மனக்கணக்காகவே போட்டுக்கொள்ளலாம். முழுவதும் சரிசெய்த பிறகும் அந்த வண்டியை விற்றால் செலவு செய்த பணம் திரும்ப வராது. ஆனால் விற்பதற்காகச் சரிசெய்கிறவர்தான் விற்பனை விலையோடு செலவை ஒப்பிட வேண்டும். ஓட்டுவதற்காகச் சரிசெய்கிறவர், அதே வேலையைச் செய்யும் இன்னொரு நம்பகமான வண்டிக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். பிளாட்பாரம் நன்றாக இருக்கும், எங்களுக்குப் பிடித்த அளவிலான பழைய கார் இரண்டு லட்சத்துக்குக் குறைந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் 796 சிசி எஞ்சின் புகையில்லாமல் ஓடியது. அதே குடும்பத்து எஞ்சின் 2019 வரை ஆம்னியிலும் வந்ததால், உதிரி பாகங்களுக்கும் எங்கும் அலைய வேண்டியதில்லை.

ஆர்டிஓ செலவையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட கார் ஓட்டவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தடை தில்லித் தலைநகர்ப் பகுதிக்கு உரியது. தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி ஓட்டலாம். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்தின்படி இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாய். எங்கள் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2027இல் வருகிறது. அந்தப் பத்தாயிரத்தையும் செலவில் சேர்த்த பிறகும் சரிசெய்வதே எங்களுக்குப் பொருந்தியது.

வேலையின் தரத்துக்கு வருகிறேன். மேஸ்திரி கரூரில் பேருந்துப் பாடி கட்டும் கூடங்களில் தொழில் கற்றவர். அந்தப் பழக்கம் அவர் கையில் தெரிகிறது. ரன்னிங் போர்டை அறுப்பதற்கு முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து உடம்பை இறுக்கினார். இதைச் செய்யாமல் அறுத்தால் வாசல் சில மில்லிமீட்டர் தொங்கிவிடும். பிறகு எத்தனை முறை கீலைத் திருப்பினாலும் கதவு ஒழுங்காக மூடாது. அரித்த பகுதியை மட்டும் அறுக்காமல், சுற்றிலும் நல்ல தகரம் வெளிச்சமாகத் தெரியும் வரை அறுத்தார். புதிய தகரத்தை ஓட்டையின்மேல் ஒட்டுப்போடவில்லை. பழைய துண்டைப் பார்த்து அதே மடிப்புகளோடு வளைத்துச் செய்து பொருத்தினார். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகரம் நெளிந்துவிடும் என்பதால், எல்லா இடத்திலும் சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்கில், ஒரே கோடாக இழுக்காமல், விட்டு விட்டுப் புள்ளி வைத்து இணைத்தார்.

இதற்குப் பிந்திய வேலையில்தான் பல பட்டறைகள் கைவிட்டுவிடுகின்றன. வெல்டிங் பட்ட இடத்தின் மறுபக்கத்தில் பெயின்ட் எரிந்து வெறும் இரும்பு நிற்கும். வெளிப்புறத்தை மட்டும் பூசி அனுப்பினால் அடுத்த மழையிலேயே உள்ளிருந்து துரு கிளம்பும். இவர்கள் அறுக்காமல் விட்ட மேல்துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துருவைக் கறுப்பான கெட்டிப் படிவமாக மாற்றும் திரவத்தைத் தடவினார்கள். புதிய தகரத்துக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார்கள். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் அரிபடும் என்பதால், கீறல் விழுந்தாலும் சிறிது காலம் இரும்பைக் காக்கும். இணைப்புகளில் சீலன்ட் நிரப்பினார்கள். ரன்னிங் போர்டின் உட்குழிக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சினார்கள். கதவின் அடியில் மண் அடைத்துக்கிடந்த வடிகால் துளைகளைக் குத்தித் திறந்தார்கள், முன் கண்ணாடியின் பீடிங்கையும் மாற்றினார்கள். அடிப்பாகம் முழுவதும் தாரைப் போல் கறுப்பாக அண்டர்கோட்டிங் அடித்துத் தரும்படி நாங்கள் கேட்டபோது, துருவின் மீது அதை அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு அரிப்பு கண்ணுக்குத் தெரியாமல் வளரும் என்று விளக்கி, சுத்தம் செய்து பிரைமர் அடித்த இடங்களில் மட்டும் மெல்லிய பூச்சாக அடித்தார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டியின் அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினால், எதை மறைக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. தாமதத்தை அவர்களாகத் தெரிவிக்கவில்லை, நாங்கள்தான் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. பெயின்ட் சுமார்தான்: வெயிலில் பார்த்தால் புதிய கீழ்ப்பாதிக்கும் பழைய மேல்பாதிக்கும் நிறம் சற்று மாறுபடுகிறது. பெயின்டை மட்டும் வேறிடத்தில் கொடுத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். கூடுதல் வேலைக்காக ஏறிய 7,000 ரூபாய்க்கு முன்கூட்டியே அனுமதி கேட்டார்கள் என்றாலும், விவரமான பில் கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள். அறுத்த நிலையிலும் மூடுவதற்கு முன்பும் போட்டோ எடுத்துத் தரும் வழக்கம் இல்லை. பட்டறைக்கு நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்களுக்கு இது பெரிய குறை. மூடிய பிறகு உள்வேலையைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது.

அதன்பின் இரண்டு பருவமழை கடந்துவிட்டது. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், காலடி காய்ந்தே இருக்கிறது. ரன்னிங் போர்டில் எங்கும் கொப்புளம் இல்லை, ஜாக்கியில் தூக்கினாலும் கதவு சீராக மூடுகிறது. பின் சக்கர வளைவின் ஓரத்தில் மட்டும், கல் தெறித்த இடத்தில், விரல்நுனி அளவுக்குத் துரு தெரிந்தது. கேட்டவுடன் பணம் வாங்காமல் தேய்த்துப் பூசிக் கொடுத்தார்கள்.

சித்தப்பாவின் ஜென், கடலோர ஊர் ஒன்றிலிருந்து இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. வெளியே எங்கள் 800ஐவிட அழகாக இருந்தது. பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பர் உட்காரும் கிண்ணத்தைச் சுற்றியிருந்த சீலன்டைச் சுரண்டியதும் தகரம் அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. எஞ்சினைத் தாங்கி முன்னோக்கி ஓடும் பெட்டித் தகரமும் ஒரு பக்கம் உளுத்திருந்தது. “இதுக்குப் பணம் வாங்கினாத் தப்புங்க. வெல்டிங் வெக்க நல்ல தகரமே இல்லீங்க, ஒரு பள்ளத்துல எறங்குனா சக்கரம் சாஞ்சிரும்” என்று சித்தப்பாவிடம் சொன்னார். இன்னொருவருக்கு விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது சரியில்லை என்பதில் சித்தப்பா உறுதியாக நின்றார். சட்டப்படியும் அதுவே பாதுகாப்பானது. விற்ற வண்டியின் ஆர்சி பெயர் மாறாமல் இருந்தால், விபத்து இழப்பீட்டில் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஓடக்கூடிய வண்டியை விற்கிறவர்கள் படிவம் 29, 30 இரண்டையும் முடித்துப் பெயர் மாற்றம் நடந்ததை உறுதிசெய்த பிறகே நிம்மதியாக இருக்கலாம். ஓட்டத் தகுதியற்ற வண்டியைத் தெருமுனை இரும்புக் கடைக்குக் கொடுப்பதைவிட, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் வாங்குவது நல்லது. புதிய வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்கும், மாநில அரசு அனுமதிக்கும் அளவில் வரிச் சலுகையும் பெற அந்தச் சான்றிதழ் உதவும். எப்படி அழித்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி பதினான்கு நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை நீக்க வேண்டும்.

தகர வேலைக்கு இந்தப் பட்டறையை நான் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். பெயின்டுக்கும் அவசர வேலைக்கும் இல்லை. வண்டியைக் கொண்டுபோவதற்கு முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் மண் போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள்; சோதனை நாளில் கூடவே இருந்து, தட்டிப் பார்க்கும் ஒவ்வோர் இடத்தையும் உங்கள் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். பருவமழைக் காலத்தில் பிரைமர் சரியாகக் காயாது என்று அவர்கள் பெரிய அறுவை வேலைகளை எடுப்பதில்லை. தை பிறந்த பிறகு போனால் இடம் கிடைக்கும்.